சுவரில் டிவி, ஒயர்கள் எங்கே? மறைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: வரவேற்பறைச் சுவரில் புதிய தொலைக்காட்சியை மாட்டி முடித்ததும் பெரும்பாலான வீடுகளில் அடுத்து எழும் கேள்வி, கீழே தொங்கும் ஒயர்களை என்ன செய்வது என்பதுதான். மின் இணைப்புக்கு ஒரு ஒயர், செட்-டாப் பாக்ஸிலிருந்து ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், சவுண்ட் பாருக்கு இன்னொன்று, மொட்டை மாடியில் உள்ள டிஷ்ஷிலிருந்து இறங்கும் கருப்பு கேபிள், இணையத்துக்கு மற்றொன்று என எண்ணிப் பார்த்தால் ஐந்தைத் தாண்டிவிடும். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெல்லிய திரைக்குக் கீழே இவை கொடிபோல் தொங்குவதை யாரும் விரும்புவதில்லை.

இதற்குப் பலரும் கையாளும் குறுக்குவழி ஒன்று உண்டு. டிவியிலிருந்து கீழே உள்ள பிளக் பாயிண்ட் வரை சுவரில் காடி வெட்டி, எல்லா ஒயர்களையும் ஒன்றாக அதில் அடுக்கி, சிமெண்ட் பூசி, பட்டி தேய்த்து, வர்ணம் அடித்துவிடுவது. பார்வைக்கு இதைவிடச் சுத்தமான வேலை வேறில்லை. ஆனால் வீட்டு மின்பாதுகாப்பு என்ற நோக்கில் பார்த்தால் இதைவிட மோசமான வேலையும் வேறில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் விபத்து மரணங்கள் குறித்த ஆண்டறிக்கையில், தீ விபத்துக்கான காரணங்களில் மின் ஷார்ட் சர்க்யூட் தனித் தலைப்பாகவே இடம்பெறுகிறது. வீட்டுச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டின் அழகோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல என்பதால், எந்தக் கேபிளை எப்படி மறைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

இரண்டு வகைக் கேபிள்கள்:

டிவிக்குப் பின்னால் உள்ள ஒயர்கள் அனைத்தும் ஒரே மாதிரித் தோன்றினாலும் அவை இரண்டு வேறு இனங்கள். முதலாவது, 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவரும் மின் ஒயர். மற்றவை அனைத்தும் சமிக்ஞைகளைச் சுமப்பவை. எச்.டி.எம்.ஐ. கேபிளில் இருப்பது அதிகபட்சம் 5 வோல்ட் அளவிலான மின்னழுத்தம். டி.டி.எச். கேபிளில், டிஷ்ஷின் முனையில் உள்ள எல்.என்.பி. எனும் கருவியை இயக்குவதற்காக செட்-டாப் பாக்ஸ் அனுப்பும் 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். கண்ணாடி இழை இணைய இணைப்பில் ஒளி மட்டுமே செல்கிறது.

குறைந்த மின்னழுத்தக் கேபிள்களை முறையான குழாய் வழியே சுவருக்குள் கொண்டுசெல்வதில் பெரிய ஆபத்து இல்லை. பழுதானால் படம் வராது, அவ்வளவுதான். மின் ஒயரின் கதை வேறு. இரண்டையும் ஒரே குழாயில் திணிப்பதும் தவறு. பக்கத்தில் மின் ஒயர் இருந்தால் படத்தில் கோடு விழும் என்று பலர் இதற்குக் காரணம் சொல்வார்கள். அதைவிட முக்கியமான காரணம், மின் ஒயரின் காப்புறை எங்காவது கிழிந்தால் 230 வோல்ட் மின்சாரம் பக்கத்துக் கேபிளின் உலோகப் பின்னலுக்குத் தாவி, அதன் வழியே செட்-டாப் பாக்ஸின் உலோக முனைக்கோ டிஷ்ஷின் கம்பத்துக்கோ சென்றுவிடக்கூடும் என்பதே. எனவே மின்சாரத்துக்கு ஒரு குழாய், சமிக்ஞைக்கு வேறொரு குழாய் என்பது எந்த வீட்டுக்கும் பொதுவான விதி.

டிவியின் மின் ஒயரை ஏன் புதைக்கக் கூடாது?

"டிவி எவ்வளவு மின்சாரம் எடுத்துவிடப் போகிறது?" என்பது வழக்கமான எதிர்க்கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. 55 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி 150 வாட் மின்சாரம் எடுப்பதாகக் கொண்டாலும், ஓடும் மின்னோட்டம் ஒரு ஆம்பியருக்கும் குறைவு. ஒயர் நல்ல நிலையில் இருக்கும்வரை அது சூடேறப் போவதில்லை. ஆபத்து மின்சாரத்தின் அளவில் இல்லை. ஒயரின் தன்மையிலும் அதைச் சுவருக்குள் கொண்டுபோகும் விதத்திலும் இருக்கிறது.

டிவியுடன் வரும் வளையும் ஒயர், வெளியே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கவும், பழுதானால் கழற்றி மாற்றவும் தயாரிக்கப்பட்டது. அதன் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் குறுக்களவு பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. வீட்டின் நிலையான ஒயரிங்கிலோ 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிகள், ஐ.எஸ். 694 தரநிலைப்படி, குழாய்க்குள் இழுக்கப்படுகின்றன. விநியோகப் பெட்டியில் உள்ள எம்.சி.பி. இந்தத் தடித்த கம்பியைக் காப்பதற்கான அளவில் பொருத்தப்பட்டிருக்கும். மெல்லிய ஒயரில் கோளாறு ஏற்பட்டு அது தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டம் பாய்ந்தாலும், தடித்த கம்பியின் கணக்கில் அது சாதாரண அளவாகவே இருக்கலாம். எம்.சி.பி. விழாது.

இன்னொரு சிக்கல் நடைமுறை சார்ந்தது. டிவி ஒயரின் முனையில் உள்ள பிளக், ஒயரோடு சேர்த்து வார்க்கப்பட்டது. அது குழாய்க்குள் நுழையாது. எனவே வேலை செய்பவர் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை உள்ளே செலுத்தி, நீளம் போதாத இடத்தில் வேறொரு துண்டை முறுக்கி இணைத்து, மேலே கருப்பு டேப் சுற்றிவிடுவார். அதன்மேல் சிமெண்ட் பூசப்படும். சுவருக்குள் டேப் சுற்றிய அந்த இணைப்புதான் இந்த முழு விவகாரத்தின் மிக ஆபத்தான புள்ளி.

ஏன் என்பதை விளக்க ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எந்த வீட்டில் தீப்பிடித்தாலும் "மின்கசிவே காரணம்" என்று எழுதுவது செய்தித்தாள்களின் நெடுநாள் வழக்கம். உண்மையில் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. மின்சாரம் ஒயரை விட்டு விலகிச் சுவரின் ஈரம் வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்துக்குச் செல்வது மின்கசிவு. இதை ஆர்.சி.சி.பி. எனும் கருவி கண்டுபிடிக்கும். வீடுகளில் பரிந்துரைக்கப்படும் வகை 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். இரண்டு கம்பிகள் நேரடியாகத் தொட்டுக்கொண்டு பெரும் மின்னோட்டம் பாய்வது ஷார்ட் சர்க்யூட். இதை எம்.சி.பி. பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, தளர்ந்த இணைப்பு. இங்கே மின்சாரம் எங்கும் கசிவதில்லை, அளவும் கூடுவதில்லை. சரியாகத் தொடாத இரு செம்பு முனைகளுக்கு இடையே நுண்ணிய தீப்பொறிகள் எழுந்து, அந்த ஒரு புள்ளி மட்டும் மணிக்கணக்கில் சூடாகிக்கொண்டே இருக்கும். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இதை அறியவே முடியாது. வெளியே தெரியும் பிளக் பாயிண்டில் இப்படி நேர்ந்தால் கருகல் வாசனையோ நிறமாற்றமோ காட்டிக்கொடுத்துவிடும். சுவருக்குள், அதிலும் மரப் பலகைக்குப் பின்னால் நேர்ந்தால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

செங்கல் சுவர் தீப்பற்றாதே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் இன்றைய டிவி சுவர்கள் வெறும் செங்கல்லாக இருப்பதில்லை. வரிவரியான பி.வி.சி. பேனல்கள், பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, வால்பேப்பர், அதன் பின்னே எல்.இ.டி. விளக்குப் பட்டைகள் எனப் பற்றி எரியக்கூடிய பொருள்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பி.வி.சி. எரிந்தால் எழும் புகை, மூச்சுக்குழாயை அரிக்கும் அமில வாயுவைக் கொண்டது. பேனலுக்குப் பின்னால் ஒயரைச் சும்மா தொங்கவிடாமல், அங்கேயும் குழாய்க்குள்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்று சொல்வது இதனால்தான். புதிதாக ஒயரிங் செய்பவர்கள் புகையும் நச்சு வாயுவும் குறைவாக வெளியிடும் எச்.எஃப்.எஃப்.ஆர். வகைக் கம்பிகளைக் கேட்டு வாங்கலாம். இவற்றுக்கென ஐ.எஸ். 17048 என்ற தனித் தரநிலை உள்ளது.

பிளக் பாயிண்டை மேலே கொண்டுவருவதே வழி:

ஒயரைக் கீழே உள்ள பிளக் பாயிண்டுக்கு இழுப்பதற்குப் பதிலாக, பிளக் பாயிண்டையே டிவிக்குப் பின்னால் கொண்டுவருவதுதான் முறையான தீர்வு. அப்போது டிவியின் சொந்த ஒயர் திரையின் மறைவிலேயே முடிந்துவிடும். சுவருக்குள் செல்வது நிலையான ஒயரிங்குக்கு உரிய கம்பி மட்டுமே. அதுவும் குழாய்க்குள், இடையில் இணைப்பு எதுவும் இல்லாமல்.

உயரத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். சோபாவில் அமர்ந்திருப்பவரின் கண் மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து 1.1 மீட்டர் வரை இருக்கும். திரையின் மையம் அந்த உயரத்தில் இருப்பது கழுத்துக்கு நல்லது. 55 அங்குல டிவியின் உயரம் சுமார் 71 சென்டிமீட்டர். மையம் 105 சென்டிமீட்டரில் இருந்தால் அதன் கீழ் விளிம்பு 70 சென்டிமீட்டரிலும் மேல் விளிம்பு 140 சென்டிமீட்டரிலும் வரும். இந்த எல்லைக்குள், மாட்டும் சட்டத்தின் இரும்புப் பட்டைகளில் முட்டாத இடத்தில் பிளக் பாயிண்ட் அமைய வேண்டும். பின்னாளில் பெரிய டிவி வாங்கினாலும் அந்த இடம் மறைவாகவே இருக்கும். சிறியதாக மாற்றினால்தான் சிக்கல். ஆனால் அப்படி மாற்றுபவர் அரிது.

பலர் கோட்டைவிடும் இடம் ஆழம். அசையாத வகைச் சட்டத்தில் மாட்டினால் சுவருக்கும் டிவிக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளிதான் மிஞ்சும். நேராக நீட்டிக்கொண்டு நிற்கும் வழக்கமான பிளக் அதற்குள் அடங்காது. டிவியை அழுத்தி மாட்டினால் பிளக் வளைந்து, அதே தளர்ந்த இணைப்புப் பிரச்சினை இங்கேயும் தலைதூக்கும். சாக்கெட் பெட்டியைச் சுவரின் பூச்சு மட்டத்தைவிட உள்வாங்கிப் பொருத்துவது, பக்கவாட்டில் ஒயர் வெளியேறும் தட்டையான பிளக்கைப் பயன்படுத்துவது, அல்லது டிவியின் பின்புறம் மெலிந்திருக்கும் பகுதிக்கு நேராக சாக்கெட்டை அமைப்பது ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

சாக்கெட் டிவிக்குப் பின்னால் மறைந்துவிட்டால் சுவிட்சை எப்படி அணைப்பது? சாக்கெட்டையும் சுவிட்சையும் பிரித்துவிடலாம். சாக்கெட் மட்டும் திரைக்குப் பின்னால் இருக்கட்டும். அதன் சுவிட்ச் கை எட்டும் உயரத்தில் உள்ள போர்டில் இருக்க வேண்டும். புதிய வீட்டில் ஒயரிங் செய்யும்போது சொன்னால் எந்த எலக்ட்ரீஷியனும் எளிதாகச் செய்துதரக்கூடிய வேலை இது.

ஆனால் இடி மின்னலின்போது சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளியை மின்னல் எழுப்பும் மிகை அழுத்தம் தாண்டிவிட முடியும். அதோடு, மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளுக்குச் சுவிட்சே கிடையாது. மழைக்காலத்தில் செட்-டாப் பாக்ஸும் டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையும் சேர்ந்து பழுதாவதற்குப் பல நேரங்களில் இந்த வழியே காரணம். இடிமழை நெருங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு; மின்னல் வெட்டத் தொடங்கிய பிறகு அவற்றைத் தொடுவது நல்லதல்ல. ஒயர்களை இறுகக் கட்டி, டிவியைச் சுவரோடு சுவராக ஒட்டி மாட்டிய வீட்டில் கழற்ற வழி ஏது? எனவே ஒவ்வொரு கேபிளிலும் ஒரு முழம் தளர்வு விட வேண்டும். முன்னோக்கி இழுக்கக்கூடிய அல்லது சாய்க்கக்கூடிய சட்டம் கொஞ்சம் விலை கூடுதலானாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கத் தக்கது.

சமிக்ஞைக் கேபிள்களுக்கு எவ்வளவு பெரிய குழாய்?

வீட்டு ஒயரிங்குக்கு வழக்கமாகப் பயன்படும் 20 அல்லது 25 மில்லிமீட்டர் குழாயையே எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கும் பதித்துவிட்டு, பிறகு கையைப் பிசைவது பரவலாக நடக்கிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலைப்பகுதி பிளாஸ்டிக் உறையுடன் சேர்த்து ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. 20 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் குழாயின் அளவு வெளிவிட்டம். உள்ளே இருக்கும் இடம் அதைவிடக் குறைவு. 25 மில்லிமீட்டர் குழாயிலும் ஒரு வளைவு வந்தால் தலை சிக்கிக்கொள்ளும். மின் ஒயரைப் போல இதன் முனையை வெட்டி மறுபடி பொருத்தவும் வீட்டில் முடியாது. ஆகவே டிவிக்கும் கீழே உள்ள மேசைக்கும் இடையே குறைந்தது 40, முடிந்தால் 50 மில்லிமீட்டர் குழாய் தேவை. திருப்பங்களில் செங்குத்தான எல்போவைத் தவிர்த்து, நீண்ட வளைவு கொண்ட பெண்டைப் பயன்படுத்த வேண்டும். குழாயைப் பதிக்கும்போதே உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைத்தால், ஐந்து ஆண்டுகள் கழித்துப் புதிய கேபிள் இழுக்க வேண்டியிருந்தாலும் சுவரைத் தொட வேண்டியதில்லை.

அப்படி இழுக்க வேண்டிய நாள் நிச்சயம் வரும். எச்.டி.எம்.ஐ. தரநிலை மாறிக்கொண்டே இருக்கிறது. 4கே படத்தை நொடிக்கு 60 சட்டங்களாகக் காட்ட 18 ஜிகாபிட் வேகம் தேவைப்பட்டது, 2.1 பதிப்பு அதை 48 ஜிகாபிட்டாக உயர்த்தியது. பழைய கேபிளைச் சிமெண்ட்டில் புதைத்தவருக்குப் புதிய டிவியின் முழுத் தரமும் கிடைக்காது. நீளத்துக்கும் வரம்பு உண்டு. சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே படம் ஏறத்தாழ 5 மீட்டர் வரை நம்பகமாகச் செல்லும். அறையின் மறுகோடியில் கருவிகளை வைப்பவர்களுக்கு ஒளியிழை வகை எச்.டி.எம்.ஐ. கேபிள் பொருந்தும். ஆனால் அதற்குத் திசை உண்டு: ஒரு முனை கருவிக்கு, மறுமுனை டிவிக்கு. தலைகீழாக இழுத்துவிட்டால் படம் வராது. எந்தக் கேபிளானாலும் உள்ளே செலுத்தும் முன் இருபுறமும் மாட்டி ஒருமுறை படம் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கண்ணாடி இழை இணையக் கேபிளை மடித்து ஒளிக்கக் கூடாது. இறுக்கமான வளைவில் ஒளி கசிந்து வேகம் குறையும். முறிந்தால் தனிக் கருவி கொண்டுதான் ஒட்ட முடியும்.

குழாயின் இரு வாய்களையும் திறந்து விடாமல், கேபிள் போக மீதியை அடைக்க வேண்டும். பல்லிக்கும் கரப்பானுக்கும் எலிக்கும் அது ராஜபாட்டை. எலி கடித்த மின் ஒயர் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லாச் சுவரையும் வெட்ட முடியாது:

குழாய் பதிக்கக் காடி வெட்டும் முன், அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்பதை அறிய வேண்டும். செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1905, பாரம் தாங்கும் சுவரில் செங்குத்துக் காடியின் ஆழம் சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் மீறக் கூடாது என்கிறது. கிடைமட்டக் காடியை முடிந்தவரை தவிர்க்கவும் சொல்கிறது. 230 மில்லிமீட்டர் சுவரில் இதன்படி செங்குத்தாக 76 மில்லிமீட்டர் வரை வெட்டலாம்; 50 மில்லிமீட்டர் குழாய் தாராளமாக அடங்கும். அதே சுவரில் கிடைமட்டமாக 38 மில்லிமீட்டர்தான். தடுப்புச் சுவர்கள் பெரும்பாலும் 115 மில்லிமீட்டர். அவை பாரம் தாங்காதவையாக இருந்தாலும் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் 38 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போவது சரியல்ல. அங்கே 50 மில்லிமீட்டர் குழாயைப் பதிப்பது சுவரைப் பாதியாக அறுப்பதற்குச் சமம். மறுபக்கத்துப் பூச்சில் விரிசல் விழுவது அதன் முதல் அறிகுறி.

கான்கிரீட் தூண்களையும் உத்தரங்களையும் வெட்டவே கூடாது. பெருநகர அடுக்குமாடிகளில் இது இன்னும் பெரிய விஷயம். மும்பை, டெல்லி புறநகர், பெங்களூரு, ஹைதராபாத் போன்ற இடங்களில் கடந்த சில ஆண்டுகளில் எழுந்த பல உயர்கோபுரங்கள் 'மைவான்' எனப்படும் அலுமினிய அச்சு முறையில் கட்டப்பட்டவை. அவற்றில் அறைச் சுவர்களும் செங்கல் அல்ல, கம்பி கட்டி வார்க்கப்பட்ட கான்கிரீட். கட்டடத்தின் எடையைத் தாங்குபவை. அங்கே காடி வெட்டினால் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் போய்விடும், கம்பி துருப்பிடிக்கும். ஒரு வீட்டின் டிவிக்காக வெட்டப்படும் சுவர், மேலே உள்ள எல்லா வீடுகளையும் சுமக்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் அங்கே காடி வெட்டுவதை அனுமதிக்காததற்கு இதுவே காரணம்.

நாட்டின் மறுகோடியில் நிலைமை நேர்மாறானது. அசாமில் மரச் சட்டத்துக்கு இடையே இக்ரா எனும் நாணல் தட்டிகளை வைத்துப் பூச்சு பூசிக் கட்டும் 'அசாம் வகை' வீடுகள் இன்றும் ஏராளம். நிலநடுக்கத்துக்கு வளைந்து கொடுக்கும் அந்தச் சுவரில் டிவியின் எடையை மரச் சட்டம்தான் தாங்க வேண்டும். நாணலுக்குள் ஒயரை நுழைப்பது காய்ந்த புல்லுக்குள் நுழைப்பதற்கு ஒப்பாகும். இமயமலைப் பகுதிகளின் மரப் பலகைச் சுவர்களுக்கும் இது பொருந்தும். இத்தகைய வீடுகளில் கேபிளை வெளியே ஓட்டுவதே சரி. மழை அதிகமுள்ள கொங்கண், கேரளக் கடலோரங்களில் மழை நேராக அடிக்கும் வெளிச்சுவரை டிவிக்குத் தேர்ந்தெடுக்காமல் உட்சுவரைத் தேர்ந்தெடுத்தால் ஈரக்கசிவுத் தொல்லை பாதி குறையும்.

சுவரைத் தொடாமல் மறைக்க:

வாடகை வீட்டில் இருப்போருக்கும், சுவரை வெட்ட முடியாதோருக்கும் நல்ல வழி, பழைய வழிதான். மின் ஒயரிங்குக்குத் தலைமுறைகளாகப் பயன்படும் பி.வி.சி. கேசிங்-கேப்பிங் பட்டையைச் சுவரின் மேல் ஒட்டி அல்லது திருகி, அதன் மேல் சுவரின் நிறத்தையே பூசிவிட்டால் நான்கடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. பட்டையை டிவியின் நட்டநடுவில் இறக்காமல் ஒரு விளிம்புக்கு நேராகவோ மூலை ஓரமாகவோ இறக்கினால் இன்னும் மறைந்துவிடும். பழுதானால் மூடியைத் திறந்து பார்க்கலாம். மின் ஒயருக்கும் சமிக்ஞைக் கேபிளுக்கும் தனித்தனிப் பட்டை என்ற விதி இங்கேயும் உண்டு. 2021-ஆம் ஆண்டு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றிக் கட்டமைப்பில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. அது நடைமுறைக்கு வராத மாநிலங்களிலும் முன்பணத்தைத் திரும்பப் பெறும் நாளை நினைத்து, துளையிடும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

உண்மையில், மறைக்கும் முன் குறைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஸ்மார்ட் டிவியில் செயலிகள் வழியே மட்டும் படம் பார்க்கும் வீட்டுக்கு மின் ஒயர் ஒன்றே போதும். மற்றவற்றை வைஃபை பார்த்துக்கொள்ளும். சவுண்ட் பார் இருந்தால் இ-ஆர்க் வசதியுள்ள ஒரே எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒலிக்குப் போதுமானது. செட்-டாப் பாக்ஸை டிவியின் முதுகில் ஒட்டிவிடலாம் என்பது பலருக்குத் தோன்றும் யோசனை. ஆனால் அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் ரிமோட்டுக்குப் பெட்டியின் முகம் தெரிய வேண்டும்; அங்கே சேரும் வெப்பமும் பெட்டிக்கு நல்லதல்ல. மூடிய அலமாரிக்குள் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றில் செட்-டாப் பாக்ஸ், ரவுட்டர், சவுண்ட் பார், விளையாட்டுக் கருவி என அனைத்தையும் செருகி, ஒயர்களைச் சுருட்டி மேலே போட்டு வைப்பதும் ஒருவகைப் புதைத்தலே. அலமாரியின் முதுகுப் பலகையில் காற்றோட்டத் துளைகள் அவசியம்.

யார் பொறுப்பு?

இத்தனை தவறுகளும் அறியாமையால் மட்டும் நிகழ்வதில்லை. டிவி சுவர் ஒன்றில் எலக்ட்ரீஷியன், கொத்தனார், தச்சர், வர்ணம் பூசுபவர், டி.டி.எச். பணியாளர், டிவியை மாட்டும் தொழில்நுட்பர் ஆகியோர் வெவ்வேறு நாள்களில் வருகிறார்கள். ஒருவர் விட்டுச்சென்றதை மற்றவர் பார்ப்பதில்லை. டிவி நிறுவனத்திலிருந்து வருபவரின் வேலை சட்டத்தை மாட்டுவதோடு முடிகிறது. ஒயரிங் அவர் பொறுப்பல்ல. மின் ஒயரிங் பணியை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமே செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறைகள் சொல்கின்றன. தச்சர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பிளக் பாயிண்டை இடம் மாற்றும் வேலையை அவரிடம் விடக் கூடாது.

வீட்டுக்காரர் தம் கையால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காடி வெட்டிக் குழாய் பதித்த பின், பூச்சு பூசும் முன், அளவு நாடாவைச் சுவரோடு வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்பது படத்தில் தெரிய வேண்டும். டிவியை மாட்ட வருபவர் துளையிடும் இடத்தை அந்தப் படத்தோடு ஒப்பிடலாம். படம் இல்லாத பழைய வீட்டில், சுவிட்ச் போர்டுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலும் நேர் கீழும் உள்ள பட்டையில் ஒயர் ஓடுவதாகவே கருதி அங்கே துளையிடுவதைத் தவிர்க்க வேண்டும். துளையிடும் முன் அந்த அறைக்கான மின் இணைப்பைத் துண்டித்து, டிரில் கருவிக்கு வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுப்பது பாதுகாப்பானது.

ஏற்கெனவே புதைத்துவிட்டால்:

டிவியின் ஒயர் சுவருக்குள் நேராக நுழைந்து, கீழே வேறோர் இடத்தில் பிளக்கோடு வெளியே வருகிறது என்றால் அது புதைக்கப்பட்ட ஒயர். மழைக்காலத்தில் மட்டும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுவது, டிவி ஓடும்போது சுவரின் ஒரு பகுதி கைக்குச் சூடாகத் தெரிவது, மெல்லிய சடசடப்பு, பூச்சில் பழுப்பு நிறக் கறை, டிவி அவ்வப்போது தானாக அணைந்து எரிவது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த பிளக்கை உடனே கழற்றிவிட வேண்டும். எம்.சி.பி. விழவில்லையே என்பது இந்த விஷயத்தில் ஆறுதலாகாது.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் சுவரை உடைத்துத்தான் தீர வேண்டும் என்பதில்லை. புதைந்த ஒயரின் இரு முனைகளையும் மின் இணைப்பிலிருந்து நிரந்தரமாகத் துண்டித்து, அதை உயிரற்ற கம்பியாகச் சுவருக்குள்ளேயே விட்டுவிடலாம். பல டிவிகளில் மின் ஒயர் பின்புறம் கழற்றி மாட்டும் வகையில் இருக்கும். அதே அளவில் புதிய ஒயரை வாங்கி, கேசிங் பட்டை வழியே வெளியே ஓட்டிவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். டிவியோடு நிலையாக இணைந்த ஒயராக இருந்து, நடுவில் வெட்டப்பட்டிருந்தால், அதை மாற்றும் வேலையை டிவி நிறுவனத்தின் சேவை மையத்திடம் விடுவதே சரி. அடுத்த முறை வர்ணம் பூசும்போது பிளக் பாயிண்டை மேலே கொண்டுவந்து, பட்டையை எடுத்துவிடலாம்.